அலையில் நிற்க இரண்டு பேர்

மகளுக்கு

அன்பு மகளே,

நீ தபாலில் அனுப்பிய தீவின் படங்கள் பத்திரமாக வந்தன. அம்மா அவற்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் பால் எடுக்கப் போனாலும் கடலைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முப்பத்துநான்கு வருடம் புவியியல் நடத்தினேன். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி தீவு என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லி எழுத வைத்திருப்பேன். ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அடுப்பே பற்ற வைக்காதவன் மாதிரிதான் நான். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விடுமுறை என்றால் எனக்கு விடைத்தாள் திருத்தும் காலம். குடும்பமாக நாம் எங்கும் போனதில்லை. இது முதல் தடவை என்பதால் கேள்விகள் நிறைய. பொறுத்துக்கொள்.

படகிலிருந்து கரைக்கு எத்தனை படி? கைப்பிடி இருக்குமா? நீ பார்த்திருக்கும் வீட்டில் குளியலறைத் தரை எப்படி? வழுக்கும் தரை என்றால் வேறு வீடு பார். மற்ற எது குறைந்தாலும் பரவாயில்லை.

அம்மாவின் கால் பற்றி உனக்குத் தெரியும். ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரைகூடப் போவதில்லை. ஆனால் பிசியோதெரபி செய்ய வரும் பெண், "தண்ணியில நின்னா உடம்பு கனம் குறைஞ்சிடும்மா. இடுப்பளவு தண்ணியில கோல் இல்லாமலே நடக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே இல்லை. அந்தப் பெண் ஒரு நிபந்தனையும் போட்டாள்: அலை அடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் திடமான ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் போதாது. சொல்லிவிட்டு என் முழங்கால்களைப் பார்த்தாள். "சாரை நான் கணக்குல சேர்க்கலை" என்றாள்.

மணலில் நிற்பதற்கு இப்போதே பயிற்சி நடக்கிறது. கட்டில் மெத்தையை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்கிறாள். நேற்று நான் ஒரு பக்கம் பிடித்தேன். இருவருமாகச் சோபாவில் போய் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. அவள் சிரித்தாள்.

அந்த இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் அல்ல, நல்ல செய்தி என்பதால் சொல்கிறேன்: அண்ணன் போனில் பேசினான். பயணப் பேச்சை அவனே எடுத்தான். "தங்கச்சி வராம எனக்கு எந்தத் தீவும் வேண்டாம்பா. தீவு தனியா இருக்கிற மாதிரி மேலதான் தெரியும். தண்ணிக்கு அடியில தரை ஒண்ணாத்தான் இருக்கு" என்றான். மூன்று வருடமாக நீங்கள் பேசிக்கொள்ளாததை அவன் மனதில் வைத்திருக்கவில்லை என்று தெரிகிறது. நீயும் வைத்திருக்காதே. அவனுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி வீடு பார்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர் கண்ணைச் சோதிக்கிறாய். உன் கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடு. நன்றாகச் சாப்பிடு.

உன் நலனையே நினைக்கும்,
அப்பா

மகனுக்கு

அன்பு மகனே,

போனில் நீ நான்கு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. "சரிப்பா, சாப்பிட்டீங்களா, வைக்கிறேன்" என்பதோடு முடித்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது.

செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார், அவர் மனைவி வெளியேயிருந்து தட்டுகிறாள். இருவரும் கத்துகிறார்களே தவிர ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. அம்மா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் பிள்ளை இருந்தா பத்து நிமிஷத்துல இறக்கியிருப்பான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆனது.

அந்த லிஃப்டைப் பார்த்தபோது உங்கள் இருவரையும்தான் நினைத்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தும் நீ வந்து பார்க்கவில்லை என்று தங்கை கேட்டாள். தொலைவில் உட்கார்ந்து போனில் பாசம் காட்டுவது சுலபம் என்று நீ சொன்னாய். அதோடு கதவு மூடிக்கொண்டது.

இப்போது அவள் இறங்கி வந்திருக்கிறாள். தீவுப் பயணத்தை அவள்தான் ஏற்பாடு செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். "அண்ணன் வரலைன்னா நானும் போகலை. தீவு தனியா இருக்கிற மாதிரி மேலதான் தெரியும்பா. தண்ணிக்கு அடியில தரை ஒண்ணாத்தான் இருக்கு" என்று அவளே சொன்னாள். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? லீவுக்கு எழுதிக் கொடு. மருமகளிடமும் சொல். பேத்திக்கு மிதவை வாங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். வாத்து உருவமாம்.

லிஃப்ட் பழுதுபார்க்கப் போகிற இடங்களில் ஏணியில் ஏறும்போது கவனம்.

அன்புடன்,
அப்பா

இருவருக்கும்

அன்பு மகளுக்கும் அன்பு மகனுக்கும்,

இதை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதி, இரண்டு உறைகளில் போடுகிறேன். ஒரு சொல்கூட மாறவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இனி நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை உங்கள் செய்திகள் பத்து நிமிட இடைவெளியில் வந்தன. மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, அண்ணன் வாயில உதாரணம் வராது. அவன் லெட்டரை எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். ரெண்டுலயும் ஒரே தீவு, ஒரே தண்ணி, ஒரே தரை. டிக்கெட்டை நிறுத்தி வச்சிருக்கேன்." மகன் எழுதியது வழக்கப்படி மூன்றே வார்த்தை: "லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன்பா."

அம்மாதான் வாசித்துக் காட்டினாள். முதலில் சிரித்தாள். "பொய் சொன்ன பசங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தினீங்களே, இப்ப எந்த பெஞ்சு மேல ஏறப் போறீங்க? பொய் சொன்னாலும் ஆளுக்கு ஒண்ணா சொல்லக் கூடாதா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தரையில் கிடந்த மெத்தையைச் சுவரில் சாய்ந்துகொண்டே இழுத்துக் கட்டிலில் போட்டாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினாள். அதன் பிறகு அவள் பயிற்சி செய்யவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

நான் செய்தது வகுப்பறைத் தந்திரம். ஏழாம் வகுப்பில் இருவர் சண்டை போட்டுக்கொண்டால், ஒருவனைத் தனியே கூப்பிட்டு, "உன் வரைபடம் ரொம்ப அழகுன்னு அவன் சொன்னான்டா" என்பேன். மற்றவனிடமும் போய் அதையே சொல்வேன். மதியச் சாப்பாட்டுக்குள் இருவரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட, "நீ அப்படிச் சொன்னியா?" என்று மற்றவனைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். என் கடிதம் வந்ததும் மகள் அண்ணனுக்கு நன்றி சொல்லி எழுதினாளாம். அவன், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டானாம். மூன்று வருடத்துக்குப் பிறகு உங்களுக்குள் நடந்த முதல் பேச்சு என் பொய்யைக் கண்டுபிடிப்பதில் முடிந்திருக்கிறது.

அது சின்னப் பொய். பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மா குளியலறையில் விழுந்த அன்று நான் கூடத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். தூக்கி உட்கார வைத்தேன். தைலம் தேய்த்தேன். பிறகு, "எழுந்து நட, சரியாகிவிடும்" என்றேன். மைதானத்தில் விழுகிற பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்வேன். எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள். அம்மாவும் எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அன்று நடந்தாள், அடுத்த நாளும் நடந்தாள், அதற்கடுத்த நாளும் நடந்தாள். வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம், உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கூடத்தில் நான்தான் நடக்க வைத்தேன். சுவருக்குச் சுவர் எண்ணி நடக்க வைத்தேன்.

இரண்டாம் நாள் மகன் போன் செய்தான். "நான் கிளம்பி வரேன்பா" என்றான். பை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடத் தயாராக இருந்தான். "வெறும் சுளுக்குடா. நீ ஓடி வந்தா அம்மாதான் பயப்படுவா" என்று நான் தடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவளால் எழ முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். விழுந்தபோது எலும்பில் விரிசல்தான் இருந்திருக்க வேண்டும், நடந்ததில் விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நடக்க வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், வர வேண்டாம் என்று மகனை அன்றும் தடுத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் மகள் போன் செய்து, "அண்ணன் எங்கேப்பா?" என்று கேட்டாள். "அவனுக்கு வேலை" என்றேன்.

இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை மூன்று வருடமாக நான் திருத்தவில்லை. மற்றவர்கள் தாளில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சிவப்பு மையில் வட்டம் போட்டவன் நான்.

மகளே, நீ அண்ணனைக் கேட்ட கேள்வி என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மகனே, நான்தான் தடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மேல் பழி வந்திருக்காது. நீ சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாயா, அப்பாவே சொல்வார் என்று காத்திருந்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஏன் நீ சொல்லவில்லை என்று புதன்கிழமை அவளைக் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்: "நான் சொன்னா உங்க மேல புகார் பண்ணின மாதிரி ஆயிடும். அது நீங்க செய்ய வேண்டிய வேலை. எப்பச் செய்வீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மகளே, டிக்கெட்டை முழுவதுமாக ரத்து செய்துவிடாதே. யாரையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் என்னை விட்டுவிடு. ஃபிரிட்ஜில் என்ன எங்கே இருக்கிறது என்று அம்மா சீட்டு எழுதி வைத்தால் ஒரு வாரம் சமாளிப்பேன். மகனே, வேண்டாம் என்று சொன்ன லீவைத் திரும்பக் கேட்பது சங்கடம் என்று தெரியும். அப்பா செய்த தப்பு என்று மேலாளரிடம் சொல், அது பொய்யில்லை. அலையில் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அந்த இரண்டு ஆளும் உலகத்தில் நீங்கள்தான். அன்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருவேளை என்னையும் அழைத்துப் போவதென்று முடிவு செய்தால், எனக்குக் கரையில் ஒரு நாற்காலி போதும். அவளுடைய ஊன்றுகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் செருப்புகளையும் பார்த்துக்கொள்வேன். உதாரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத நினைத்து மூன்று முறை அடித்துவிட்டேன். அதை நேரில் கேட்பதுதான் முறை. நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், ஒருவர் அழைத்தால் ஒருவர் எடுக்கும்படியாக இருங்கள். அதற்கு மேல் ஆசி சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை.

உங்கள் அப்பா

பின்குறிப்பு: பிசியோதெரபி பெண்ணிடம் இன்று மறுபடி கேட்டேன். அம்மாவின் இடது கால்தான் பலவீனம், அதனால் அந்தப் பக்கம் நிற்பவர் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று நான் எழுத மாட்டேன். அதை மட்டும் நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்து, அம்மாவிடம் சொல்லுங்கள். மெத்தை இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது.