அண்ணாவின் ஹீட்டர்

லா ஷோ-து-ஃபோன்
19.01.2025

அன்புள்ள வரதராசா அண்ணாவுக்கு,

தம்பி விஜிதரன் எழுதுவது. இங்கே நானும் பிரபாலினியும் மகள் ஹரிஷாவும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்கலாமே என்பீர்கள். மூன்று மாதமாக எப்போது எடுத்தாலும், “வண்டியிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் பார்சல் செய்தி. வின்னிபெக்கிலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டி மார்கழி கடைசியில் வந்து சேர்ந்தது. அந்தக் கிழமை இங்கே மைனஸ் பதினெட்டு. முதியோர் இல்லங்களுக்குத் துவைத்த விரிப்புகள் கொண்டுபோகும் என் டீசல் லொறி வெளியில்தான் நிற்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் நாலு தரம் இருமிவிட்டுப் பேசாமல் இருக்கும். நான் அதைச் சொல்லிப் புலம்பியதற்குத்தான் எஞ்சினைச் சூடாக்குகிற உங்கள் ஹீட்டரை அனுப்பினீர்கள். புதிது வாங்கிவிட்டேன், பழையது சும்மா கிடக்கிறது என்று கடதாசித் துண்டில் எழுதியிருந்தீர்கள்.

அதை நான் எரித்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹரிஷா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வந்தபோது நீங்கள் விட்டுப்போன அடப்டர் அலுமாரியில் கிடந்தது. உங்கள் போனும் அண்ணியின் தலைமுடி காயவைக்கும் மெஷினும் அதில்தான் வேலை செய்தன. அதே நம்பிக்கையில், ஞாயிறு மத்தியானம் ஹீட்டரை எஞ்சினின் அடியில் காந்தத்தால் ஒட்டி, அடப்டரில் குத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். பாதிச் சோற்றில் மணம் வந்தது. அடப்டர் பிளக்கின் கால்களைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் நாட்டில் நூற்றிருபது வோல்ட், இங்கே இருநூற்றிமுப்பது. போனும் அண்ணியின் மெஷினும் இரண்டையும் தாங்கும், ஹீட்டர் தாங்காது. பியூஸ் போய் மேல்வீட்டு மதாமின் அடுப்பும் நின்றுவிட்டது. அவர் இறங்கி வந்து, லொறியையும் கறி வைக்கிறீர்களா என்று கேட்டார். நல்ல மனுசி.

அடுத்த நாள் லொறி கிளம்பவில்லை. விரிப்புகள் இரண்டு மணித்தியாலம் பிந்திப் போயின. முதலாளி கத்தவில்லை. பீல் நகரில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பி, இந்த நாட்டுக் கரண்டுக்கு ஏற்ற ஹீட்டர் ஒன்றைப் போடச் சொன்னார். காலையில் நான் கிளம்ப மூன்று மணித்தியாலத்துக்கு முதல் தானாகவே சூடாகத் தொடங்கும்படி டைமரும் வைத்தாயிற்று. இப்போது ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஆகவே என் லொறியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எரிந்த ஹீட்டரைக் கழற்றித் துடைக்கும்போதுதான் வயரில் நீங்கள் சுற்றிய நீல டேப்பைப் பார்த்தேன். பிறகு பெட்டியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உங்கள் தோல் கையுறை, உங்கள் சுடுதண்ணிப் போத்தல், கண்ணாடியில் பனி சுரண்டுகிற தகடு. எல்லாம் பழசு, எல்லாம் உங்களுடையவை. சும்மா கிடந்தவை என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் குளிர்காலத்து வின்னிபெக்கில் லொறி ஓட்டுகிற மனிதர் கையுறையையும் சேர்த்து அனுப்புவாரா, அண்ணா?

போன கிழமை நீங்கள் வண்டியில் நிற்பதாகச் சொன்னபோது பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான் முப்பது வருடமாக லொறி ஓட்டுகிறேன், ஒருநாளும் அதற்குள் குக்கர் கூவியதில்லை. கோடையில் வலக்கண்ணில் புகை மாதிரித் தெரியுது என்று ஒருமுறை சொல்லி, உடனே கதையை மாற்றினீர்கள். இரத்தத்தில் சீனி கூடுகிற உங்கள் வருத்தம் கண்ணையும் பிடிக்கும் என்று பிரபாலினி சொல்கிறாள். அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரியில். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா இல்லாத வீட்டில் உழைக்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கணக்கு முடிந்து எவ்வளவோ காலம். இனியும் எங்களுக்காக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

கையுறை எனக்குப் பெரிது. தபாலில் அனுப்பமாட்டேன். மாசியில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன், கையோடு கொண்டு வருகிறேன். அண்ணியிடம் சொல்லி வையுங்கள்.

இந்தக் கடிதத்தை அண்ணி வாசித்துக் காட்டுகிறார் என்றால், அதையும் நான் விளங்கிக்கொள்வேன். அடுத்த முறை நான் போன் எடுக்கும்போது, “வீட்டிலைதான் நிக்கிறன்” என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை நேரில் கதைப்போம்.

என்றும் உங்கள் தம்பி,
விஜிதரன்