பேருந்து நேரப்படி ஒரு பட்டியல்

கிளியனூர்,
வியாழக்கிழமை, பிற்பகல் 3.10

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வராத விஷயம், அதனால் கடிதம்.

உன் அண்ணன் பூவரசனின் மகள் கலைப்பிரியாவின் பொறியியல் கலந்தாய்வுக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. எந்தெந்தக் கல்லூரி என்ற வரிசையை அதற்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்கான ரகசிய எண் என் கைப்பேசிக்குத்தான் வரும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பிழையில்லாமல் நிரப்புவார் என்று பூவரசன் என் எண்ணையே கொடுத்திருந்தான்.

பட்டியலையும் நான்தான் போட்டேன். கிளியனூரில் பேருந்து ஏறினால் திண்டிவனம் அரை மணி, விழுப்புரம் ஒன்றே முக்கால் மணி என்று வரிசைப்படுத்தினேன். அவள் படித்துவிட்டு, "தாத்தா, அண்ணனுக்கு மட்டும் நல்ல காலேஜா பாத்து எழுதுனீங்க. எனக்கு இன்னா, பஸ் டைம் டேபிளா?" என்று கேட்டாள். அவள் அண்ணனுடைய கட் ஆஃப் 164. சென்னை விடுதியில் இருக்கிறான். இவளுடையது 188. இரண்டு பட்டியலும் என் கையெழுத்து.

பூவரசன் விழுப்புரத்தில் வேலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். "ஆம்பளப் புள்ள எங்கியாச்சும் தங்கிக்குவான். பொண்ண அம்மாந்தூரம் அனுப்பிச்சிட்டு யாரு பேஜாரு படறது? உங்க லிஸ்ட்டே சரி, ஜல்தியா முடிச்சிடுங்கப்பா" என்கிறான். கெட்டவன் இல்லை, பயந்தவன். அந்தப் பயத்தை என்னிடம்தான் கற்றான்.

அவள் வேறு வரிசை எழுதி என் மேசைமேல் வைத்திருக்கிறாள். முதலில் கோவை.

வேணி, முப்பது வருடத்துக்கு முன், விடுதியில் தங்கிக் கணிதம் படிக்க நீ கேட்டதும் கோவைதான். இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அந்த விண்ணப்பத்தை நான் தபாலில் சேர்க்கவேயில்லை, அம்மா. இத்துடன் வைத்திருக்கிறேன். பிறகு உன்னைக் கட்டிக்கொடுத்ததும் கோவைக்குத்தான். அப்போது தூரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

4.40

பூவரசன் தானே வந்து முடிப்பதாகச் சொல்லி நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டானாம். ஒருமுறை எண் வந்து காலாவதியாகிவிட்டது. நான் வாசிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கலைப்பிரியா மறுபடி எண் கேட்டிருக்கிறாள். அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? உனக்கு இங்கேயே ஆனதற்கு யார் பொறுப்பு என்று யாரும் என்னைக் கேட்கவில்லையே.

4.52

எண்ணை வாசித்துவிட்டேன், இரண்டு முறை. அவள் எழுதிய வரிசைப்படியே உறுதியாகிவிட்டது. இனி மாற்ற முடியாது. வாசலில் பூவரசனின் வண்டிச் சத்தம் கேட்கிறது. இந்த முறை பொய் சொல்லப் போவதில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கில்லை. அவளுக்கு அங்கே இடம் கிடைத்தால் ரயிலடிக்கு நீ வா. கல்லூரிவரை அவளோடு போ. வாசலிலேயே நின்றுவிடாதே அம்மா, நீயும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா. இருவரும் நன்றாயிருங்கள்.

உன் அப்பா,
பெரியதம்பி