எலுமிச்சை மரத்தடியில் ஆற்றுத் தண்ணீர்

அன்பையும் அதட்டலையும் சிரித்துக்கொண்டே என்னிடம் வாங்கிக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு,

எலுமிச்சை பூத்திருக்கிறது. இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். சிங்காநல்லூரில் இந்த வருஷம் பங்குனியிலேயே அக்னி நட்சத்திரம் வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி வெயில். மல்லிகை கருகிவிட்டது. நீங்கள் வைத்த செம்பருத்தி வெறும் குச்சியாக நிற்கிறது. எலுமிச்சை மட்டும் பச்சையாக நின்று பூக்கிறது. எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா?

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பவர்கள், ஒரு நாள் உச்சிப்பொழுதில் வந்து எலுமிச்சை மரத்தடிப் பானைக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும்.

மரத்தை நட்டபோதே பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்தீர்கள். அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, வாயை ஓட்டுச்சில்லால் மூடினீர்கள். காலையில் ஊற்றினால் மாலைக்குள் வேர் குடித்துவிடும். கோடை விடுமுறையில் கூடாரத்தைக் காரில் கட்டிக்கொண்டு எங்காவது ஆற்றங்கரையில் போய்த் தங்குவோம். திரும்பும்போது அந்த ஆற்றுத் தண்ணீரை அலுமினியக் கேனில் கொண்டுவந்து இந்தப் பானையில் ஊற்றுவீர்கள். "மரம் எங்கயும் போக முடியாதுல்ல அம்மணி. போயிட்டு வர்றவங்கதான் எதாச்சும் கொண்டாந்து குடுக்கோணும்" என்பீர்கள்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். நகத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் சிஸ்டர்கள் எங்களைச் சாப்பிட உட்காரவிடுவார்கள். ஆற்று மணல் ஒட்டிய காலோடு நீங்கள் சமையலறைக்குள் நுழைய நான் விட்டதே இல்லை. "ஏனுங்க, காலைக் கழுவிட்டு வாங்க" என்று பின்படியில் நிறுத்திவிடுவேன். கேனைப் படியில் வைத்துவிட்டு அப்படியே நிற்பீர்கள். நம் மகள் சுகந்தி சின்னவளாக இருக்கையில், கார் மேலிருந்து அந்தக் கேனை உருட்டிவிட்டாள். அடி ஒரு பக்கம் நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு, அதை வைத்த இடத்தில் பதியும் ஈர வளையம் எப்போதும் ஒரு பக்கம் அறுந்தே இருக்கும்.

போன வருஷம் அமராவதிக் கரைக்குப் போவதாக இருந்தது. கூடாரத்தைத் தோட்டத்தில் விரித்து வெயில் காட்டினீர்கள். கேனைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். கூடாரத்தை மடித்து வைப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த மாசியில் சுகந்தி பெருந்துறையிலிருந்து வந்தாள்.

"இத்தனாம்பெரிய ஊட்ல ஒத்தையாக் கெடந்து என்னம்மா பண்றீங்க? பேசாம எங்களோட வந்துருங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகல கண்ணு. தோட்டத்தைப் பாக்கோணும்."

"தோட்டமா? அப்பா வெச்ச எலுமிச்சையப் போயிப் பாருங்க, எலையெல்லாம் சுருண்டு கெடக்குது. அந்த ஒரு மரத்த இந்தக் கோடைக்குக் காப்பாத்திக் காட்டுங்க. அப்புறம் நா வாயே தொறக்கல."

"காப்பாத்தலேன்னா?"

"பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரோணும்."

சரி என்றேன். என் வீட்டை, என் சாவியை, என் அடுப்பை ஒரு மரத்தின் மேல் பந்தயம் வைத்தேன்.

பிறகு ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. தெருக்குழாயிலும் தண்ணீர் வருவது அபூர்வமாகிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்துப் பானையில் ஊற்றினேன், போதவில்லை. தோற்கத்தான் போகிறேன் என்று தெரிந்துவிட்ட ஒரு நாள், உச்சி வெயிலில் ஓட்டுச்சில்லைத் தூக்கினேன். பானை கழுத்துவரை நிறைந்திருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் பழனியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நானெங்கீங்கம்மா ஊத்துனேன்? குடிக்கவே தண்ணியக் காணோம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க?"

"அவியளா? ஒரு சொம்பு கேட்டாக் கதவச் சாத்திக்குவாங்க." சொல்லிக்கொண்டே பானைக்குள் கையை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "என்னுங்கம்மா இது, இந்த வெயில்ல இப்படிச் சில்லுனு இருக்குது?"

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் பெருக்கப் போவதே இல்லை.

எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவள் அல்ல நான். தண்ணீரை மொண்டு பானையைக் காலி செய்தேன். வாயை மூடி, மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் மதியம் குழவி வைத்தபடியே இருந்தது. நகர்த்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தளும்பியது. அடியில் பொடி மணல். நம் தோட்டத்தில் ஏது மணல்?

சித்திரையில் சுகந்தியும் மருமகனும் தாராபுரம் பக்கம், அமராவதிக் கரையில் தெரிந்தவர் தென்னந்தோப்பில் கூடாரம் போட என்னையும் அழைத்தார்கள். உங்கள் கூடாரம்தான். நீங்கள் போகாமல் விட்ட பயணம் என்பதால் கிளம்பினேன். கேனை எடுத்துப்போகவில்லை. பின்கொட்டகையில் ஆணியில் தொங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன்.

ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மதியம் அவர்கள் கூடாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, நான் மணலில் இறங்கி நடந்தேன். ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. நடு ஆற்றில் யாரோ புதிதாக ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். வாரிப்போட்ட மணல் ஈரம் காயாமல் இடப்பக்கமாகக் குவிந்திருந்தது. நீங்கள் இடக்கைக்காரர். குழியில் தண்ணீர் ஊறி, கலங்கல் அப்போதுதான் தெளிந்துகொண்டிருந்தது. விளிம்பில், ஒரு பக்கம் அறுந்த ஈர வளையம். என் காலடியைத் தவிர அந்த மணலில் வேறு காலடி இல்லை.

கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாடு மேய்க்கறவங்க தோண்டிருப்பாங்க அத்தை. வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்றார் மருமகன்.

சுகந்தி குனிந்து அந்த வளையத்தையே பார்த்தாள். கேனை உருட்டிவிட்டவள் அவள்தானே?

வீடு திரும்பியதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். கேன் ஆணியில்தான் தொங்கியது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுகந்தி என் பின்னால் வந்து, பச்சை பிடித்து நின்ற மரத்தைப் பார்த்தாள்.

"ஜெயிச்சுப்போட்டீங்கம்மா."

"நான் ஊத்துன தண்ணியில்ல கண்ணு. அதையும் தெரிஞ்சுக்கோ."

"தெரியுதுங்கம்மா." குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"உங்கப்பாவுக்கு நான் என்னைக்குக் கண்ணு பயந்தேன்?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெருந்துறைக்கு வாங்க என்று அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் காரில் ஏறும்வரை தோட்டத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

பயமில்லை என்று அன்று அவளிடம் சொன்னதை இன்று அப்படியே சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் ஈரம் பானையோடு நின்றது. இந்த வைகாசியில் அது பானையை விட்டுக் கிளம்பி, மதியத்துக்கு மதியம் வீட்டுக்குக் கிட்டே வருகிறது. நேற்று பின்படியிலேயே வளையம் பதிந்திருந்தது. பக்கத்தில் மணல் ஒட்டிய இரண்டு பாதங்கள், கதவைப் பார்த்தபடி. கதவுக்கு இந்தப் பக்கம் நான் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நான் கூப்பிடுவேன் என்றா? என்னைக் கூட்டிப்போக வந்தீர்களா, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக வந்தீர்களா?

கூட்டிப்போக வந்திருந்தால், நான் வருவதாக இல்லை. இந்த வீட்டை விட்டுப் பெருந்துறைக்கே போகாதவள் நான். ஆனால் வீடு உங்களுடையதும்தான். நாளையிலிருந்து உச்சிப்பொழுதில் பின்கதவைத் தாழிட மாட்டேன். இது என் வாக்கு. படியில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருப்பேன்.

சட்டம் மாறவில்லை. காலைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் மனைவி,
சரோஜினி