நல்ல காலுக்கு லீவு

நதிராண்டே, பிளாண்டயர்
மார்ச் 4

அன்புள்ள அலினாஃபே அக்காவுக்கு,

நல்ல காலால் நீ குதித்தபோது உன் நாக்கு வெளியே வரவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

முழு மூச்சாகக் குதித்தால் உன் நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போன வியாழக்கிழமை ஆபரேஷன் செய்த காலால் மூன்று முறை குதித்தாய். மூன்று முறையும் நாக்கு வந்தது. நல்ல காலால் குதித்தபோது வாய் மூடியே இருந்தது. நான் வழக்கம்போல் அளவு நாடா பக்கத்தில் குந்தியிருந்து, உன் குதிகாலுக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டு, "நூத்தி முப்பத்திரண்டு" என்றேன். மற்ற கால் நூற்று இருபத்தொன்று. அடிபட்ட கால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது தாண்ட வேண்டும், அவ்வளவுதானே விதி. பிசியோதெரபிஸ்ட் நியிரோங்கோ சார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொண்ணு! போம்மா, போய் ஆடு" என்றார். நீ என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பரில், தண்ணீர்க் குழாயடியில் இருக்கும் சாக்கடையை நல்ல காலாலேயே தாண்டி, அதே காலில் நின்று காட்டினாயே, அம்மாகூட "கால ஒடச்சது பத்தாதா, இன்னொண்ணும் வேணுமா?" என்று கத்தினாளே, நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை நாடாவை எடுத்துவந்து அந்தச் சாக்கடையை அளந்தேன். நூற்று நாற்பத்தெட்டு. அதை வைத்து சாரின் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் எண்பத்திரண்டுகூட வரவில்லை.

நான் தப்பாக அளந்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி எழுது.

தேசிய நெட்பால் அணி முகாமில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். அதுவும் நல்லதுதான், ஃபோனில் எனக்குப் பேச்சே வராது. கடிதத்தை பஸ் கண்டக்டர் கச்சாலே அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே அம்மா காயவைத்த உசிபா மீன். ரூமில் பிரிக்காதே, நாறும்.

உன் தங்கை
ஃபட்சானி


லிலோங்வே
மார்ச் 11

என் செல்லத் தங்கச்சிக்கு,

உனக்கு "சாந்தமாயிரு" என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தார்கள். என் நாக்கைப் பற்றி எழுத உனக்கு இவ்வளவு நாக்கு நீளும் என்று யாருக்குத் தெரியும்!

மீன் வந்தது. பிரித்த ஐந்தாவது நிமிடம் மொத்த முகாமும் என் கட்டிலைச் சுற்றி நின்றது. இங்கே தினமும் சோறும் பீன்ஸும்தான். நம் நிசிமா களியைக் கண்டு ஒரு வாரம் ஆகிறது.

நீ தப்பாக அளக்கவில்லை. நல்ல காலால் வேண்டுமென்றே குறைத்துக் குதிப்பதற்கு இங்கே ஒரு பெயரே இருக்கிறது, "நல்ல காலுக்கு லீவு குடுக்கறது." முழங்காலில் தையல் போட்டவர்கள் இங்கே நான்கு பேர். நான்கு பேருமே லீவு கொடுத்துத்தான் வந்திருக்கிறோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும். ஆனால் கேள். எனக்கு இருபத்தாறு வயது. அணியில் யார் யார் என்று முப்பதாம் தேதி அறிவிப்பார்கள். இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் கால் தேறும், இடம் போய்விடும். அடுத்த தடவை என் இடத்தில் பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தி நிற்பாள். நேற்று கோச் மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அலினாஃபே, எங்கடி உன் காலு? நதிராண்டேலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கத்தினாள். அப்புறம் பந்துக்கு எகிறினேன் பார், வாயடைத்துப் போனாள்.

கால் என்னுடையது. நியிரோங்கோ சாரிடம் வாயைத் திறந்தாயோ, அதற்கப்புறம் என்னை அக்கா என்று கூப்பிடாதே. சும்மா சொல்லவில்லை.

முத்தங்களுடன்
உன் அக்கா


நதிராண்டே
மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குழாயடியில் வைத்துப் படித்தேன். அம்மா கேட்டதற்கு, அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாளாம் என்றேன்.

கோபப்படாதே. செவ்வாய்க்கிழமை சாரின் கதவுவரை போனேன். நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார். "சாக்பீஸ் தீந்துபோச்சு சார்" என்றேன். ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமை மறுபடியும் போனேன். "என்னம்மா, திங்கறியா சாக்பீஸ?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டி கொடுத்தார். வெள்ளிக்கிழமை, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பெட்டியை நீட்டினார். இப்போது அலமாரியில் மூன்று பெட்டி இருக்கிறது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். விடை தெரியும், எழுந்து நின்றால் வாயில் வராது. கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டேன். சாரின் கிளினிக்கில் இந்த வேலையை நீதான் வாங்கிக் கொடுத்தாய். "இங்க நீ பேசவே வேணாம்டி, நம்பர் மட்டும் சொன்னா போதும்" என்றாய். அந்த நம்பரைத்தான் சொன்னேன். உன்னை அனுப்பியதும் அதுதான்.

அதனால் நீயே சொல்லிவிடு, அக்கா. கோச்சிடம் போய், வலிக்கிறது, மூன்று மாதம் வேண்டும் என்று சொல். உனக்குப் பேச வரும். இல்லையென்றால் பயிற்சியில் மட்டுமாவது உயரமான பந்துக்கு எகிறாதே.

முழங்கால் வீங்குகிறதா? உண்மையைச் சொல்.

தங்கை
ஃபட்சானி


லிலோங்வே
மார்ச் 29

ஃபட்சானி,

நேற்று பயிற்சி ஆட்டம். என்னை யாரும் தொடவில்லை. பந்து கைக்கு வந்தது. கைக்கு வந்துவிட்டால் ஓடக்கூடாது, நின்றாக வேண்டும், அதுதான் நெட்பால். நான் நின்றேன். முழங்கால் நிற்கவில்லை. சத்தம் மைதானத்துக்கு வெளியேயும் கேட்டதாம்.

அதே முழங்கால்தான். இந்த முறை உள்ளே இன்னும் என்னவெல்லாமோ கிழிந்திருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை.

முப்பதாம் தேதிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

என் கட்டிலில் இப்போது வேறொருத்தி பையை வைத்துவிட்டாள். நல்ல பெண். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

வீட்டுக்கு வரவில்லை. சோம்பாவில் சித்தி வீட்டில் இருப்பேன். குழாயடியில் எல்லாரும் என் காலைப் பார்ப்பார்கள். நீயும் பார்ப்பாய்.

ராத்திரியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. சொல்லாதே என்று எழுதியது நான்தான். ஆனால் நாடா உன் கையில் இருந்தது. நீ சொல்லியிருக்கலாமே, ஃபட்சானி.

அலினாஃபே


நதிராண்டே
ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வாயைத் திறந்தால் அக்கா என்று கூப்பிடாதே என்றாய். நான் திறக்கவில்லை. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

சோம்பாவுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. நீ பதில் எழுதாவிட்டாலும் கச்சாலே அண்ணன் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். திருப்பி அனுப்பிவிடாதே.

நீ கேட்டதற்குப் பதிலைத்தான் தினமும் தேடுகிறேன்.

இன்று டியோங்கே என்று ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, நெட்பால்தான், ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். வெளியே பெஞ்சில் அவளுடைய அப்பா கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவளுக்கும் ஏதோ தேர்வாம். ஆபரேஷன் காலால் குதித்தபோது இரண்டு கையையும் இறுக்கி முஷ்டி பிடித்திருந்தாள். நல்ல காலுக்கு வந்ததும் விரலெல்லாம் தளர்ந்து தொங்கின, துணி காயப்போட்டு முடித்தவள் மாதிரி. குதித்தாள். நான் கோடு போட்டேன்.

"எவ்வளவும்மா?" என்றார் சார், பேனாவைப் பிடித்தபடி.

டியோங்கே என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று மார்ச்சில் நீ எழுதிய கடிதம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது அந்தப் பார்வை.

"ஃபட்சானி, தூங்கிட்டியா? நம்பரச் சொல்லு."

எழுந்து நின்று, அவள் நல்ல காலுக்கு நான் போட்ட சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தேன்.

ஃபட்சானி