கோணல் தையல்

என்னவளே,

கடல் கடந்த மலிந்தி தேசத்திலிருந்து கப்பலில் வந்த நெட்டைக் கழுத்து மிருகத்தைச் சக்கரவர்த்திக்காக வரைகிறேன். அது பழங்கதைகளில் வரும், உடம்பெல்லாம் செதில் கொண்ட தெய்வ மிருகம் என்று அரண்மனையே நம்புகிறது. "உடம்புல செதில் எங்கய்யா?" என்று அதிகாரி அதட்டினார். "அதுக்கே இல்லீங்களே, நான் எங்க போவேன்" என்றேன்.

கயிறு பிடித்து நின்ற அந்த ஊர்ப் பாகனின் இடுப்பில் ஒரு சிவப்புக் கச்சை. கப்பலேறிப் போய்த் திரும்பாத நம் மகனுக்கு நீ தைத்துக் கட்டிவிட்டது. உன் கோணல் தையல் எனக்குத் தெரியாதா?

மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டேன். "என் தங்கச்சி புருஷன் குடுத்தது. கடல்ல எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அவரே கட்டிவிட்டாரு" என்றான்.

தையல் கோணலைக்கூட விடாமல் வரைந்துவிட்டேன்.

இறந்துவிட்டான் என்று முன்னோர் மாடத்தில் நாம் வைத்த நம் மகனின் பெயர்ப்பலகையை இன்றே எடுத்துவிடு. உயிரோடிருப்பவனுக்கு ஊதுவத்தி ஏற்றக் கூடாது.

உன் வீட்டுக்காரன்