வெர்னா அக்காவின் அறைச் சுவர்

வெர்மாண்ட்,
அக்டோபர் 9

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஹாலிஸ் எழுதுவது. நானும் கோராவும் பிள்ளைகளும் சுகம். நியூ மெக்சிகோ வெயில் உனக்கு ஒத்துக்கொண்டது, தலைவலி அடியோடு போய்விட்டது என்று கோராவுக்கு எழுதியிருந்தாய். என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரிக்கும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

இங்கே இரண்டு முறை உறைபனி விழுந்துவிட்டது. வீட்டைச் சூடாக்கிய எண்ணெய் உலையைக் கழற்றிவிட்டு, நிலவறையில் விறகு அடுப்பு வைக்கிறோம். பழைய புகைபோக்கியே போதும், கரியைத் தட்டிவிட்டு மாட்டிவிடலாம் என்றேன். கோரா கேட்கவில்லை. புகைபோக்கி சுத்தம் செய்யும் ரொவீனாவை வரவழைத்தாள்.

ரொவீனா கூரையேறித் தூரிகையை இறக்கினாள். புகைபோக்கியின் அடிக்கதவு வழியாக இரண்டு வாளி கரி, பெரிய பறவைக்கூடு ஒன்று, உள்ளே பதித்திருந்த சுடுமண் குழாயின் உடைந்த துண்டுகள் வந்தன. பிறகு ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, மாடியில் போய்ச் சுவரைப் பார்க்கச் சொன்னாள். உன் துணி அலமாரிக்குள், சுவர்க்காகிதம் கறுத்துப் பிளந்திருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

அவள் இறங்கி வந்ததும் காகிதத்தைக் கிழித்தோம். பின்னால் துருப்பிடித்து இடைவெளி விட்ட தகர மூடி. முன்பு அந்த அறையில் இருந்த சின்ன அடுப்பின் குழாய் நுழைந்த ஓட்டையை அது மூடியிருந்தது.

"இந்த ரூம்ல யாரு படுத்திருந்தது?" என்று கேட்டாள் ரொவீனா.

என் அக்கா, மூன்று குளிர்காலம் படுத்திருந்தாள் என்றேன்.

"உசுரோட இருக்காங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். உயிரோடுதான், நியூ மெக்சிகோவில் என்றேன்.

"கூடு அடைச்சிக்கிட்டதால உலைப்புகை மேல போக முடியாம இங்க வந்திருக்கு. அது விஷம், தலைவலி, மயக்கம், புத்தித் தடுமாற்றம்னு ஆரம்பிச்சு ஆளையே கொன்னுடும். செங்கல் வைக்காம எந்த மடையன் தகரத்த அடிச்சான்?" என்றாள். எங்கப்பா என்றேன்.

பொய், அக்கா. அப்பா செங்கல்லும் சாந்தும் வாங்கி வைத்து, என்னைத்தான் அடைக்கச் சொன்னார். எனக்கு மீன்பிடிக்கப் போகும் அவசரம். கால் மணியில் தகரத்தை அடித்துக் காகிதம் ஒட்டிவிட்டேன்.

"டேய், என் ரூம்ல ஏதோ நாத்தம் அடிக்குதுடா, ஒருதரம் வந்து மோந்து பாரேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டாய். "கோளாறு ரூம்ல இல்லக்கா, உன் மண்டையில" என்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சிரித்தேன். நீ படியில் மயங்கி விழுந்தபோது கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அக்காவுக்குப் புத்தி கலங்குகிறது என்று டாக்டரிடம் சொன்னவனும் நான்தான். உலை எரியாத கோடை வந்தால் தெளிந்துவிடுவாய். அதை நடிப்பு என்றேன்.

ஓட்டையை நானே செங்கல் வைத்துப் பூசிவிட்டேன். ரொவீனா மேலிருந்து அடிவரை எஃகுக் குழாய் இறக்கி, உச்சியில் வலைமூடி போட்டாள். அவளைக் கூப்பிட்டு அந்த மடையன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் போனேன். அந்தப் புகை இதயத்தையும் பாதித்திருக்கலாம், நீ அங்கே ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். தயவுசெய்து போ. கோராவிடம் சொன்னபோது அவள் எழுந்து பிள்ளைகள் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். இன்றைக்கு மூன்றாவது நாள், இன்னும் அங்கேதான் படுக்கிறாள்.

அடுப்பு தயார். பற்றவைக்கத்தான் கை வரவில்லை.

வா என்று கூப்பிட எனக்கு அருகதை இல்லை. நீ நிம்மதியாக மூச்சு விட்டு, நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும். ஒரு வரி எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

உன் தம்பி,
ஹாலிஸ்