கோப்பில் வைக்கவும்

ஆகஸ்ட் 12

அன்புள்ள வாலு,

நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் நம் கல்லூரியின் கிளை வளாகத்திலிருந்து தலைமை வளாகத்துக்குத் தபால் பை போய் வருகிறது. இந்தப் பக்கம் பையைக் கட்டுவதும் பிரிப்பதும் நான்தான். அங்கே அனுப்புகைப் பிரிவில் இருக்கும் அக்கா உன் உறையைத் தனியாக எடுத்து வைப்பார். பதிலையும் அவரிடமே கொடு.

பொருள்: சாப்பாடு. நேரத்துக்குச் சாப்பிடவும்.
பார்வை: பஸ் ஏறும்போது இருந்த உன் முகம்.

முப்பது வருட அலுவலகப் பழக்கம், சிரிக்காதே. முதல்வர் இன்று எல்லார் முன்னாலும், "இங்கேருந்து மெயின் கேம்பஸுக்குப் போன முதல் பொண்ணு, நம்ம தபால் சாரோட பொண்ணு" என்றார். அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சாவி பத்திரம். நான் இல்லாத நேரத்தில் வந்தால் நீ வாசலில் நிற்கக் கூடாது.

அப்பா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அப்பா,

சாப்பிடுகிறேன். இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய் கிளை, கதவைச் சாத்து." என் கட்டில் கதவுக்குப் பின்னால் இருப்பதால் அந்த வேலை எனக்கு. யாராவது உள்ளே வந்தால் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஒரு கை தூரத்தில் தண்ணீர்த் தொட்டியின் சுவர். ஆய்வகத்தில் நூற்றுப் பத்துப் பேருக்கு முப்பது நுண்ணோக்கிகள்; என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

இதெல்லாம் போகட்டும். அங்கே நான் தேறிய இரண்டு தாள்களை இங்கே ஏற்க மாட்டார்களாம். மறுபடியும் இரண்டாம் ஆண்டில் உட்கார வேண்டும். ஒரு வருடம் கூடுதல். "முன்னாடியே சொல்லலியே" என்றேன். "படிவத்தோட பின்பக்கத்துல இருக்கே, படிக்கலியா?" என்றார் எழுத்தர்.

வளாக மாற்றப் படிவத்தை நிரப்பியது நீங்கள். பின்பக்கம் பார்த்தீர்களா?

வாலு

ஆகஸ்ட் 26

அன்புள்ள வாலு,

புது இடம் முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும். கதவுப் பக்கம் காற்று வரும். போர்வை அனுப்பட்டுமா?

அப்பா

செப்டம்பர் 2

அன்புள்ள அப்பா,

போர்வை வேண்டாம். பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

நான் திரும்பி வருகிறேன். செப்டம்பர் முப்பதுக்குள் கிளை வளாகம் "இடம் உண்டு" என்று கையெழுத்திட்டுத் தந்தால் போதுமாம். மே மாதம் என் பழைய வகுப்போடு பட்டம் முடித்துவிடலாம். விண்ணப்பம் வெள்ளிக்கிழமைப் பையில் வருகிறது. உங்கள் மேஜைக்குத்தான். முதல்வரிடம் நீட்டினால் ஒரு நிமிட வேலை.

வாலு

செப்டம்பர் 16

அன்புள்ள வாலு,

முதல்வர் வெளியூர் போயிருக்கிறார். உன் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அவசரப்படாதே.

வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். இனி சாவி சிக்காது.

அப்பா

செப்டம்பர் 26

அன்புள்ள அப்பா,

அனுப்புகை அக்கா முதல்வர் அறைக்கே போன் போட்டுக் கேட்டார். "சார் இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு போடலியேம்மா" என்றார்களாம்.

சின்ன வயதில் சைக்கிள் கேட்டு உங்களுக்கு விண்ணப்பம் எழுதுவேன், ஞாபகம் இருக்கிறதா? முடியாது என்று நீங்கள் சொன்னதே இல்லை. ஓரத்தில் "கோப்பில் வைக்கவும்" என்று எழுதிச் சின்னதாகக் கையெழுத்துப் போடுவீர்கள். ஏதோ பெரிய உத்தரவு என்று நினைத்து வாரக்கணக்கில் சைக்கிளுக்குக் காத்திருப்பேன். மேலே ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வயதாக வேண்டியிருந்தது.

இதிலும் அப்படி எழுதிவிட்டீர்களா? செவ்வாய்க்கிழமைதான் கடைசிப் பை. கெஞ்சிக் கேட்கிறேன் அப்பா.

வாலு

செப்டம்பர் 30

அன்புள்ள வாலு,

விண்ணப்பம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. முதல்வர் அதைப் பார்க்கவே இல்லை. படிவத்தின் பின்பக்கத்தையும் நிரப்பிய அன்றே படித்தேன். சொன்னால் போக மாட்டாய் என்று சொல்லவில்லை.

உன் வயதில் எனக்கும் அந்த வளாகத்தில் இடம் கிடைத்தது. உன்னிடம் சொன்னதில்லை. பத்தொன்பதாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஊருக்குப் போகிற பையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று மாலை நாலு மணிக்குப் பையின் வாயைக் கட்டி அரக்கு வைக்க வேண்டும். இந்தக் கடிதம் உள்ளே இருக்கும். விண்ணப்பம் இருக்காது.

கோபப்படு. திட்டு. ஆனால் எழுது.

அப்பா

அக்டோபர் 3

அனுப்புநர்:
சேர்க்கை எண் 4172,
இரண்டாம் ஆண்டு (மறுசேர்க்கை),
தலைமை வளாகம்.

பெறுநர்:
அனுப்புகை எழுத்தர்,
கிளை வளாகம்.

ஐயா,

பொருள்: வளாக மாற்றம் – திரும்பி வர விண்ணப்பித்தது – தொடர்பாக.
பார்வை: தங்கள் 30ஆம் தேதிக் கடிதம்.

பார்வையில் காணும் கடிதம் பெறப்பட்டது. இரண்டு முறை படிக்கப்பட்டது. கோப்பில் வைக்கப்பட்டது.

கண்ணாடிக்கு அடியில் உள்ள விண்ணப்பம் இனித் தேவைப்படாது. விடுமுறையிலும் விடுதி திறந்திருக்கும் என்று காப்பாளர் தெரிவித்துள்ளார்.

இணைப்பு: வீட்டுச் சாவி – 1.

தங்கள் உண்மையுள்ள,
4172